மாதிரித் தேர்வு

வியாழன் காலை எட்டு மணிக்குத் தேர்வு.
இன்று சனி.
ஒன்பது அதிகாரங்களில் மூன்றோடுதான்
எனக்கு முகப்பழக்கம்.

மார்ச்சில் மிஸ் தெரியோ பிள்ளைப்பேற்றுக்குப் போனார்.
பதிலுக்கு வந்த ஹாக்கி பயிற்சியாளர்
நிகழ்தகவு நடத்த ஒரு நாணயம் சுண்டினார்.
அது அலமாரிக்கு அடியில் உருண்டு போயிற்று.
பூவா தலையா, இன்றுவரை தெரியாது.
மீதி ஆறு வாரமும் படம் போட்டார்.

அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.
சனி: சராசரி.
ஞாயிறு: திட்டவிலக்கம்.
ஞாயிறு இருட்டுவதற்குள்
திட்டம் விலகியதுதான் மிச்சம்.
அந்த ஒரு சொல்லை இனி மறக்கமாட்டேன்.

பள்ளி விட்டால் நார்மண்ட் கடையில் வேலை.
காலி பாட்டிலுக்கு ஐந்து சென்ட்.
மடவாஸ்காவின் ஒரு வாரத்து பீர் வாடை
என் ஸ்வெட்டரில் வீடு வரும்.
அக்கரையில் கனடா.
அங்கிருந்து ஆலைப் புகை மட்டும்
பாஸ்போர்ட் கேட்காமல் ஆறு தாண்டும்.

திங்கள் மாலை நார்மண்ட் கூப்பிட்டார்:
"ஓவிலா டுபே கொண்டுவரும் பைகள் குறைகின்றன.
இருநூற்று நாற்பது என்று எழுதிக் கட்டுகிறான்.
நீதான் கணக்குப் படிக்கிறாயே, பார்த்துச் சொல்."
"கணக்கு இல்லை, புள்ளியியல்."
"இரண்டிலும் எண்தானே வருகிறது?"

நாற்பது பைகள். ஆறைக் கொட்டி எண்ணினேன்.
240, 238, 240,
241, 237, 240.
பீர் அட்டையின் பின்பக்கம்
மிஸ் தெரியோவின் கையெழுத்தை நினைத்துக்கொண்டு
இன்மைக் கருதுகோள் எழுதினேன்:
ஓவிலா சரியாகத்தான் கட்டுகிறார்.
அரை மணி நேரம். இரண்டு முறை தப்பு.
பி-மதிப்பு பூச்சியம் புள்ளி ஒன்று ஆறு.

"ஏமாற்றுகிறானா?"
"மறுக்க ஆதாரம் போதாது."
"அப்படியானால் யோக்கியனா?"
"அதையும் நான் சொல்லவில்லை."
நார்மண்ட் என்னை வெகுநேரம் பார்த்தார்.
"இதற்கா பள்ளிக்கூடம்?" என்றார்.
ஆறு பையிலும் சேர்த்து
குறைந்தது நான்கு பாட்டில், இருபது சென்ட்.
என் அரை மணிக்கு அவர் தருவது ஏழு டாலர்.

இரவு இரண்டு மணிக்கு நம்பிக்கை இடைவெளி படித்தேன்.
நூறு வேலி போட்டால்
தொண்ணூற்றைந்தில் மாடு உள்ளே நிற்கும்.
நீ போட்ட இந்த வேலிக்குள் நிற்கிறதா என்று
புத்தகம் சொல்லாது.
நம்பிக்கை இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது.
ஏதோ பிடிபட்டாற்போல எழுந்து தண்ணீர் குடித்தேன்.

குடிக்கும்போதுதான் உறைத்தது.
அந்த ஆறு பைகளும் வாசலோரம் இருந்தவை.
கை எட்டியதை எடுத்துவிட்டு
மலை முழுக்க இதே மாதிரி என்றிருக்கிறேன்.
ஒரு சோறு பதம்தான்,
பானையைக் கிளறியிருந்தால்.

செவ்வாய் காலை, மணி அடிக்கும் முன்,
நாற்பது துண்டுச் சீட்டோடு ஓடினேன்.
பாங்கோர் லாரி ஐந்தரைக்கே போய்விட்டிருந்தது.
சிமென்ட் தரையில் வட்ட வட்டமாய் ஈரம்.
என் முழுமைத் தொகுதி
நெடுஞ்சாலையில் கலகலத்துப் போய்க்கொண்டிருந்தது.

புதன். ஓவிலா வந்தார், ஒரே ஒரு பையோடு,
தொப்பியில் மரத்தூள்.
கேட்டேவிட்டேன்:
"இருநூற்று நாற்பது என்று எப்படித் தெரியும்?"
"நானெங்கே எண்ணினேன்?
பை நிறைந்தால் கட்டுவேன்.
நிறைந்த பைக்கு அவ்வளவு என்று
இந்தக் கடையில்தான் சொன்னார்கள்."
யார் சொன்னது?
நார்மண்ட் ரசீதுப் புத்தகத்தில்
எதையோ மும்முரமாகத் தேடினார்.

பணம் எண்ணிக் கொடுத்தேன், பன்னிரண்டு டாலர்.
பையை எண்ணவில்லை.

வீட்டில் இன்னும் இரண்டு அதிகாரம் பாக்கி.
கைவர்க்கச் சோதனையைப் பெயரளவில்கூடத் தெரியாது.
கால்குலேட்டர் மங்குகிறது.
டிவி ரிமோட்டில் இரண்டு பேட்டரி,
அப்பாவின் டார்ச்சில் இரண்டு.
நான்கும் சேர்ந்து
நண்பகல்வரை தாங்குமா?

தாங்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.