உள்தையல்

பேரிலேயே சீனி.
'சீனி ரமீஜா' என்று சத்தமாகக் கூப்பிட்ட நர்ஸ்
ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு
சிரிப்பை மாஸ்க்குக்குள் வைத்துக்கொண்டாள்.
வெறும் வயிற்றில் இருநூற்றி எழுபத்தொன்று.

அன்றிலிருந்து துதல் என் வீட்டுக்கு வருவதில்லை.
வந்தாலும் என்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
மாமி மகள் கல்யாணத்தில்
வட்டிலப்பத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
வெள்ளரிக்காய் கடித்தேன்,
சத்தம் கேட்காமல்.

சுப்ஹு தொழுததும் ஜெட்டி வரைக்கும் நடை.
முதல் மாதம் கீழக்கரை நாய்கள் குரைத்தன.
இரண்டாம் மாதம் கூடவே வந்தன.
ஐஸ் உடைக்கிற பையன்கள் என்னை வைத்து
மணி பார்க்க ஆரம்பித்தார்கள்.
கச்சான் காற்றில் மணல் பறந்து
பல்லில் கடிபட்ட நாட்களும் உண்டு,
அதில் சீனி இல்லை என்று விழுங்கினேன்.

பதினாலு கிலோ.
ஒரு சிப்பம் அரிசியில் பாதிக்கும் மேல்.
அந்த ரோட்டில்தான் எங்கேயோ
இறக்கி வைத்திருக்கிறேன்,
யாரும் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கவில்லை.

புர்கா என்னிடம் எதுவும் சொன்னதில்லை.
பெருத்தபோதும் அதே மடிப்பு,
இளைத்தபோதும் அதே மடிப்பு.
சொன்னதெல்லாம் ஊர்தான்.
'முகமெல்லாம் ஒடுங்கிப் போச்சே, என்ன செய்யுது?'
'மச்சான் ஒழுங்காப் பணம் அனுப்புறாகளா?'
ஷார்ஜாவிலிருந்து அவர்
வீடியோவில் என் கன்னத்தைத் தேடினார்.
அடுத்த பார்சலில்
இரண்டு கிலோ பிஸ்தா,
ஒரு பெரிய டின் பால் பவுடர்.

நேற்று கரண்ட் போன மதியம்
பீரோவின் அடித்தட்டை இழுத்தேன்.
கத்தரிப்பூ நிறச் சுடிதார்.
டெய்லர் இத்ரீஸ் தைத்தது.
'ஓரத்துல துணி விட்ருக்கேன் தாயி,
நாளைக்குப் பெருத்தா பிரிச்சுக்கலாம்.'
பத்தொன்பது வயதுக்காரியிடம்
பேசுகிற பேச்சா அது?
மூன்று நாள் அவர் கடை வழியே போகவில்லை.

பிரித்தேன்தான்.
மூத்தவள் பிறந்து ஒரு தையல்.
சின்னவன் பிறந்து ஒன்று.
மூன்றாவது
யாரும் பிறந்ததற்கு இல்லை,
எனக்கும் அடுப்படிக்கும் மட்டும் தெரிந்தது.
அதன் பிறகு விட்டுக்கொடுக்கத் துணி இல்லை.
பாச்சா உருண்டைகளோடு அடியில் போனது.

கண்ணாடி முன்னால் நின்றேன்.
தலை நுழைந்தது, தோள் நுழைந்தது,
இடுப்பில் ஒரு கை நுழைய இடம் மிச்சம்.
புஜம் மட்டும் பிடித்தது.
அதற்கு இன்னும் தகவல் போகவில்லை.

விலாப் பக்கம் திருப்பிப் பார்த்தால்
மூன்று கோடுகள்.
வெயில் பட்ட துணி வெளுத்துக் கிடக்க,
ஓரம் போகப் போக நிறம் ஏறுகிறது.
கடைசியாகப் பிரித்த கோட்டில்
கடையில் பீஸ் விரித்துக் காட்டிய அன்றைய
அதே கத்தரிப்பூ,
துவைக்காத, உடுத்தாத,
யாரும் பார்க்காத அகலம், ஒரு விரற்கடை.
கூடவே பழைய ஊசித் துளைகள்
எறும்பு போன தடம் மாதிரி.

ராத்திரி மிஷினில் உட்கார்ந்தேன்.
'முதல் கோட்டுலேயே பிடிச்சிருங்கம்மா,
ஸ்லிம்மா இருக்கும்' என்றாள் மூத்தவள்.
நான் இரண்டாவதில் பிடித்தேன்,
இவள் பிறந்த பிறகு நின்ற இடத்தில்.
முதல் கோடு அந்தப் பத்தொன்பதுக்காரிக்கு.
அவள் வந்து கேட்டால் பார்க்கலாம்.
நல்ல நிறம் மறுபடி உள்ளே போனது.
அதில் எனக்கு வருத்தம்
கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

காலையில் புர்காவுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.
'லாத்தா இன்னைக்கு லேட்டு' என்றான்
ஐஸ் கட்டியின் மேல் நின்ற பையன்.
ஜெட்டி முனையில் காற்று
கறுப்பு ஓரத்தைச் சட்டென்று தூக்கியது.
பின்னால் வந்த நாய் மட்டும் பார்த்தது.

நாய்க்கு அந்த நிறமெல்லாம் தெரியாது என்கிறான்
சின்னவன்.
ஸ்கூலில் சொன்னார்களாம்.