பதினெட்டாம் நம்பர் மிஷின்

நாகர்கோவில் கோர்ட்டில் என் கையெழுத்து
இரண்டு இடத்தில் இருக்கிறது.

வாதியின் ஆவணம் ஏழு, எனது பட்டறை நோட்டு:
மாசி 12. பதினெட்டாம் நம்பர். ஸ்பிரிங் மாட்டியது.
முதலாளிக்காக நான் கொடுத்த பிரமாணப் பத்திரம்:
பதினெட்டு முதல் எந்த மிஷினிலும் ஸ்பிரிங் கிடையாது.
இரண்டிலும் டென்சிங் என்ற பெயரின் கடைசிப் புள்ளி
எழுத்தைத் தாண்டி விழுந்திருக்கிறது.

(கைநாட்டு வைக்க எனக்கு வழியில்லை.
அண்டித்தோட்டு எண்ணெய் ரேகையைத் தின்று
பதினோரு வருஷம்.
ரேஷன் கடை மிஷினுக்கு நான் ஆளே இல்லை.)

அந்த ஸ்பிரிங்தான் வழக்கு.
கொட்டையின் வளைவு கண்டு பிளேடு பின்வாங்கும்,
பருப்பு உடையாது.
வின்சிலாஸ் சாரின் காப்புரிமை அது, நான்காம் கோரிக்கை.
விற்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் நூற்றுக்கு நாலு என்று
கருங்கல் முதலாளி உரிமம் எழுதி வாங்கினார்.
பதினேழுக்குக் கொடுத்தார்.
அப்புறம் செய்த நாற்பத்துநாலும் வேற டிசைன் என்றார்.

வாதி வக்கீல் சுருக்கத் தீர்ப்பு கேட்டார்.
கூண்டு வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம்,
காகிதமே பேசும் என்றார்.
எங்கள் வக்கீல் பத்திரத்தை நீட்டினார்.
அவர் நோட்டை நீட்டினார்.
"தான் எழுதியதைத் தானே மறுப்பவன்
அதையே ஒரு தகராறு ஆக்கிவிட முடியுமா அம்மா?"

பின்பெஞ்சில் நான்
காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

யாரும் கேட்கவில்லை,
இந்த ஜில்லாவுக்கு மழை எத்தனை என்று.
எடவப்பாதியில் மேற்கிலிருந்து ஒன்று,
ஐப்பசியில் கிழக்கிலிருந்து ஒன்று.
உப்புக்காற்றில் ஸ்பிரிங் துரு பூக்கும்,
கழற்றி மண்ணெண்ணெயில் போடுவேன்.
வெயில் வந்ததும் சிலதில் மாட்டுவேன், சிலதில் இல்லை.
ஆப்பிரிக்கா லோடா, நம்ம மரத்துக் கொட்டையா,
ஸ்டெல்லாபாய் அன்றைக்கு
எத்தனை முறம் நொறுங்கலைக் கொண்டுவந்து
என் முன்னால் கொட்டினாள் என்பதைப் பொறுத்தது.

நோட்டு எழுதிய கை பொய் சொல்லவில்லை.
பத்திரத்தைப் பற்றி,
நேரே சொல்லிவிடுகிறேன்:
'எந்த மிஷினிலும்' என்பது
வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும்போது முளைத்தது.
வாசித்தேன். திருத்தவில்லை.
வெளியே கொட்டிக்கொண்டிருந்தது,
அன்று ஒரு மிஷினிலும் ஸ்பிரிங் இல்லை.

நீதிபதி அம்மா இரண்டு காகிதத்தையும்
பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்.
"ஒரே ஆளின் கைதான்.
எதை நம்புவது என்று
அந்த ஆளைக் கேளாமல் நான் சொல்ல முடியாது.
மனு தள்ளுபடி. விசாரணை நவம்பர் பதினேழு."

நவம்பரில் மழை இருக்குமே என்று நினைத்தேன்.

வராந்தாவில் முதலாளி என் தோளைத் தட்டினார்:
"ஓய், உமக்க குழப்பம்தான் நம்மளக் காப்பாத்திச்சு."
ஜெயித்தவனைத் தட்டுவதுபோல் இருந்தது அது.
சட்டையில் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் வின்சிலாஸ் சார் தனியே நின்றார்.
முதல் மிஷினுக்கு அவர் பென்சிலால் வளைவு குறித்தபோது
தகட்டைப் பிடித்திருந்தது நான்.
தம்ளரைச் சுற்றியிருந்த அவர் விரலிலும்
அதே கறுப்பு.

ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்:
"ஸ்பிரிங் உண்டா இல்லையா, டென்சிங்கே?"

"எப்ப சார்?" என்றேன்.

திங்கள்நகர் பஸ் ஹாரன் அடித்தது.
இரண்டு பேருமே ஏறவில்லை.