எஸ் வேணுமா, வேணாமா

காலையில் லண்டனுக்கு, மாலையில் சிக்காகோவுக்கு.
பம்பலப்பிட்டியில் ஏழாம் மாடி,
கடலுக்கு முதுகு காட்டிய கதிரை.
பிறர் எழுதிய ஆங்கிலத்துக்கு
உடை மாற்றி அனுப்புவது என் வேலை.

மாலையானால் கலரிலிருந்து யூவைக் கழற்றுவேன்.
அயலவரிலிருந்தும் கௌரவத்திலிருந்தும் கழற்றுவேன்,
அவர்களுக்கு வலிப்பதாகத் தெரியவில்லை.
லிஃப்டை எலிவேட்டர் ஆக்குவேன்
(எங்கள் கட்டடத்து லிஃப்ட்
எந்தப் பெயர் சொன்னாலும் ஐந்தில் நின்றுவிடும்).
பக்கத்து மேசை நதீஷா இஸட்டை ஸீ என்று சொல்லிப் பழகி
வீட்டில் தாயிடம் ஏச்சு வாங்குகிறாள்.

புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேட்பது
குழு ஒருமையா பன்மையா என்று.
லண்டனுக்குச் சில வேளை பன்மை:
உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா.
சிக்காகோவுக்கு ஒருமை:
ஒரு பெட்டி, ஒரு பூட்டு,
வினைச்சொல்லின் வாலில் ஓர் எஸ்.
இருபது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன்,
சம்பளத்துக்கு.

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்குக்
கார்ட் அடிக்கப் போனபோதுதான்
அந்த எஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

குடும்பம் நன்றி சொல்கிறது.
அவருடைய வங்கிச் சிநேகிதர்களுக்காக
ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.
ஹரோவிலிருந்து அண்ணன்:
எஸ் போடாதே, அம்மாவோடு நாங்கள் நாலு பேர்.
நியூ ஜெர்சியிலிருந்து வாகினி:
எஸ் போடு, நாங்கள் ஒரே குடும்பம்.
இரவு ஒன்றரை வரை என் தொலைபேசி ஒளிர்ந்தது.
காணி விற்ற நாளிலிருந்து கதைக்காத இரண்டு பேர்
ஓர் எழுத்துக்காகக் கதைத்தார்கள்.
நான் இடையில் புகவில்லை.

வாகினி வேறு, இணையத்து அறிவித்தலில்
மாதத்தை முன்னே தூக்கி வைத்துவிட்டாள்.
ஏழு, ஒரு சாய்கோடு, ஐந்து.
நாளை முன்னே வைக்கும் இந்த ஊர்க்காரருக்கு
அப்பா மே ஏழிலேயே முடிந்துபோனார்.
அப்படியென்றால் ஜூன் மாதம் முழுக்க
வெள்ளவத்தைச் சந்தையில் பாரைமீன் விலைக்குச்
சண்டை பிடித்தது யார்?
சலூன் கதிரையில் சாய்ந்துகொண்டு
மீசையில மட்டும் கை வைக்காத என்றது யார்?
இரண்டு மாதம். திருத்தச் சொல்லி எழுதினேன்.
திருத்த மனம் வராமல்தான் எழுதினேன்:
அந்த ஜூனை யாரும் கேள்வி கேட்காதவரை
அது எனக்கு மட்டும் கிடைத்த ஜூனாக இருந்தது.

டாம் வீதி அச்சகத்தில் நிஸ்தார்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்:
மிஸ், எஸ் வேணுமா, வேணாமா?
ரெண்டுக்கும் ஒரே காசுதான்.

தமிழ் வரி ஏற்கனவே கோத்து முடிந்திருந்தது.
குடும்பத்தினர் என்று போட்டால் போதும்,
ஆட்களும் உள்ளே, கதவும் ஒன்று.
ஆங்கிலத்தில்
வினைச்சொல்லே இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.
குடும்பத்திடமிருந்து, நன்றியுடன்.
எங்கள் தொழிலில் இதை மாற்றி எழுதுதல் என்போம்.
தப்பி ஓடுதல் என்பதே சரியான சொல்.
ஹரோவும் நியூ ஜெர்சியும்
ஆளுக்கொரு கட்டைவிரல் அனுப்பினார்கள்.

ஒரு திருத்தம் மட்டும் இன்னும் என்னிடம் கிடக்கிறது.

சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில்
தள்ளுவண்டியில் படுத்தபடி
அப்பா தாதியிடம் ஆங்கிலத்தில் விடைபெற்றார்:
ஐ வில் கோ அண்ட் கம்.
லண்டனும் ஏற்காது, சிக்காகோவும் ஏற்காது.
பழக்கதோசம். குனிந்து சொன்னேன்:
அப்பா, இங்கிலிஷில அண்ட் கம் வராது.

அவர் சிரித்தார்.
பல்லுக்கட்டைக் கழற்றி வைத்த வாயால்,
நல்ல பிள்ளையாக,
சரி டீச்சர். ஐ வில் கோ.