நீர்க்கோடு

தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள்.
இருதயபுரத்தில் எங்கள் ஒழுங்கைச் சுவர்களில் மட்டும்
வெள்ளம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டடிக்கு மேல் என்றால்தான் நிவாரணக் காசு.
அடுத்த வீட்டு அல்போன்ஸ்
சேற்றுத் துணியால் ஜன்னல் மட்டும் ஒற்றிவிட்டு
மிச்ச வாளியை எங்கள் படியில் வைத்துப் போனார்.
நல்ல மனுசன்.
கழுத்தளவில் நடந்துவந்து
ஒழுங்கை முனையில் என் சின்னவனைத் தூக்கினவர்.

இரவு நானும் பூசினேன்.
மெழுகுதிரி பிடித்தது மெற்றில்டா.
சின்னவனுக்கு எட்டட்டும் என்று
தாழக் கொளுவியிருந்த திருக்குடும்பப் படத்தைக் கழற்றி
மேலே புது ஆணி அடித்தோம்,
வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்தியதுபோல.

விடியச் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
பழைய ஆணித் துளை கறுப்பாய்த் தெரிந்தது.
அடைக்கத்தான் போனேன்.
விரல் உள்ளே போய்
அங்கேயே நின்றுவிட்டது.

மெற்றில்டா ஒன்றும் கேட்கவில்லை.
தண்ணீர் அள்ளித் தந்தாள்.
தேய்க்கத் தேய்க்க
உண்மையான கோடு வெளியே வந்தது,
முழங்காலுக்குக் கீழே.

பத்து மணிக்கு ஜீ.எஸ். மிஸ் நாடா பிடித்தா.
ஒன்றடி ஐந்தங்குலம்.
"இரண்டு எண்டு போடட்டா அண்ணன்?"
வேண்டாம் என்றேன்.
குரல் தைரியமாக வரவில்லை.

அவ எழுதினா.
பிறகு வேலிக்கு மேலால்
அல்போன்சின் ஜன்னலைப் பார்த்தா.
ஒரே வெள்ளம்
ஒரு வேலிக்கு அந்தப்பக்கம் அவ்வளவு உயரம் நிற்குமா?
இதை நான் யோசித்திருக்கவில்லை.

ஞாயிறு பூசை.
சமாதானம் பகிரச் சொன்னார் சுவாமி.
திரும்பிக் கை நீட்டினேன்.
அல்போன்ஸ் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
நகத்துக்குள்
இன்னும் கொஞ்சம் சேறு இருந்தது.
கையை மடக்கவில்லை.