பள்ளியில் பூனை இல்லை

மொர்லேயில், உயர்ந்த ரயில் பாலத்தின் நிழல்
மதியம்வரை நகராத சந்தில்
ஒரு மழலையர் பள்ளி.
சமையல் என் பொறுப்பு.
வாசலில் செருப்போடு
பிரெஞ்சையும் கழற்றிவிட வேண்டும்.
எனக்கு அதில் கஷ்டமில்லை,
என் பிரெஞ்சு எப்போதுமே
காலுக்குப் பெரிய செருப்பு.

உள்ளே பிரெத்தோன் மட்டும்.
தண்ணீர் தூர். ரொட்டி பாரா.
பன்னிரண்டு சொற்களை வைத்துக்கொண்டு
பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறேன்.

ஆசிரியை ரோசென்
முப்பத்தொரு வயதில், மாலை வகுப்பில் கற்றவள்.
சளிக்கு என்ன சொல் என்று அகராதியில் தேடி எடுப்பதற்குள்
மூக்கு சட்டைக் கையில் துடைபட்டிருக்கும்.

ஐந்து மாதமாகப் பிள்ளைகள்
கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள்:
நிறங்கள், கிழமைகள், கைகழுவும் பாட்டு.
சண்டை வந்தால் பிரெஞ்சுதான்.
அப்போதெல்லாம் ரோசென்
கூராக இருக்கும் பென்சிலை மறுபடி சீவுவாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
சாடிப் பால் முழுதும் தரையில்.
நடுவில் அசெனோர், நான்கு வயது, நனைந்த காலுறை.
யார் செய்தது?
அவள் சுவரைப் பார்த்தாள்.
பட அட்டையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.
"அர் ஹாஸ்" என்றாள்.

பூனையாம்.

காஸ் என்றால் பூனை.
முன்னால் அர் வந்து நின்றால்
முதலெழுத்து இளகித் தொண்டைக்குள் இறங்கிவிடும்.
அந்தப் பூனை என்னும்போது நமக்கு நடுவில் முளைக்கிறதே ஒரு ப்,
அதற்குத் தூரத்துச் சொந்தம்.
ரோசென் மூன்று வாரம் எழுதிப் பழகியும்
இன்னும் தடுக்கி விழும் இடம்.
இவளோ பொய்யின் அவசரத்தில்
பிழையில்லாமல் தாண்டிவிட்டாள்.

ரோசென் பாலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
என்ன நிறம்? எந்தப் பக்கம் ஓடியது?
பச்சை. பெரிசு. உங்கள் நாற்காலிக்கடியில்.
எல்லோரும் குனிந்து தேடினார்கள்.
தங்கி என்ற பையன்
வாலை மட்டும் பார்த்ததாகச் சாட்சி சொன்னான்,
அதே மொழியில்.

நாலரைக்கு அம்மா வந்தாள்,
மீன் ஆலைச் சீருடையோடு.
இன்று என்ன சொன்னாள் என்று கேட்டாள்.
"பொய் சொன்னாள்" என்றாள் ரோசென்,
பரிசு வாங்கியவள் முகத்தோடு.

என் மகனுக்குப் பதினொன்று.
கோபம், கணக்கு, சாக்கு எல்லாம் பிரெஞ்சில்.
தமிழில் ஒரே பதில் மிச்சம்.
இரவு கேட்டேன்: சாப்பிட்டியா?
சாப்பிட்டேன் அம்மா.

அடுப்பங்கரைக்குப் போய்
சட்டி மூடியைத் திறந்தேன், நெஞ்சு அடித்துக்கொள்ள.
சோறு
வைத்தது வைத்தபடி.