வில்லங்கச் சான்று

பாலக்கோடு சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டிய மேசை என்னுடையது.
பதினான்கு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
தாய்ப்பத்திரம் இருக்கா,
முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா,
இல்லையென்றால் பேனாவை மூடிவிடுவேன்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில்
அண்ணன் வேடியப்பனுக்குப் பெருங்குடலில் புற்று என்று
சொல்லி முடித்த டாக்டரம்மா கேட்டார்:
வீட்டில் வேறு யாருக்காவது?
யாருக்கும் இல்லைங்க, என்றாள் அம்மா.
நானும் தலையாட்டினேன்.
ஒரு சாட்சிக் கையெழுத்துக்கூடக் கேட்காமல்
அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ் புலிக்கரை தாண்டியதும் கேட்டேன்,
அப்பா எதுல போனாரு?
மூலம்.
எந்த ஆஸ்பத்திரில சொன்னாங்க?
ஆஸ்பத்திரிக்கு எங்க போனாரு,
ஊசி போடறவன் சொன்னான்.
ரத்தம் போறதை வெளிய சொல்லக் கூச்சம்.
ஆறு மாசம் கறுப்பு வேட்டி கட்டினாரு.
மலைக்கு மாலை போட்டிருக்காருன்னு
ஊர்ல சாமி சாமின்னு கூப்பிட்டாங்க.

வயசு?
நீ பத்தாவது எழுதின வருசம். நாப்பத்தேழு இருக்கும்.

பச்சையம்மா அத்தை?
சோகை. முருங்கைக்கீரையாத் தின்னா,
வெளுத்துக்கிட்டே போனா.
(அந்த ரத்தம் எங்கே போகிறதென்று
ஒருவரும் கேட்கவில்லை.)

சென்றாயன் சித்தப்பா?
அவனுக்குச் செய்வினை,
என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூலம், சோகை, செய்வினை.
ஒரே சர்வே நம்பரை
மூன்றாக உட்பிரிவு செய்து
மூன்று பெயரில் பட்டா.

மறுவாரம் டாக்டரம்மா தாளில் வரைந்தார்,
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
இறந்தவர் மேல் ஒரு குறுக்குக் கோடு.
புலப்படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு
எல்லை எங்கே ஓடுகிறதென்று தெரிந்தது.
செத்தவங்களைச் சோதிக்க முடியாது, என்றார்,
உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா
அண்ணனுக்கு நாப்பத்தொண்ணு, பத்தைக் கழிங்க.
அந்த வயசுல இருந்து கூடப் பிறந்தவங்க
குழாய் விட்டுப் பாக்கணும்.
எனக்கு முப்பத்தாறு.
ஐந்து வருடக் காலதாமதம்.

விற்பவர் தரப்பில் நானே எழுதுவதுண்டு:
மேற்படி சொத்தில் முன் வில்லங்கம் எதுவுமில்லை,
பின்னிட்டு ஏதேனும் தெரியவந்தால்
என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேனாகவும்.
அப்பா தீர்த்தகிரி அப்படி எதுவும் எழுதித் தரவில்லை.
கிணற்றில் கால் பங்கும்
இரண்டு மாமரமும்
அவருடைய மூக்கும்
ஆண்டு அனுபவித்துக்கொள்ளச் சொல்லிப் போனார்.

முந்தின ராத்திரி இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர்.
எலுமிச்சை வாசத்தில் உப்பு.
விடிய விடியக் கக்கூஸ் விளக்கு அணையவில்லை.
அப்பா செம்போடு கரும்புக்காட்டுக்குப் போவார்.
குனிந்து பார்த்திருப்பார்.
பார்த்த பிறகுதான்
கறுப்பு வேட்டி வாங்கியிருப்பார்.

இரண்டு இருந்தன.
மிளகளவு ஒன்று, பட்டாணியளவு ஒன்று.
இன்னும் புற்றாகவில்லை, வெட்டி எடுத்தாயிற்று,
மூன்று வருடம் கழித்து வா.
பரிசோதனைத் தாளில்
தகப்பனார் பெயர் என்ற இடத்தில்
தினம் இருபது தடவை எழுதுகிற கை
நின்றது.

கனகவல்லிக்குச் சொல்லாதே, என்றாள் அம்மா.
ராயக்கோட்டைக்காரங்க காதுல விழுந்தா
குறையை மறைச்சுப் பொண்ணு குடுத்தோம்னு பேசுவாங்க.
மறைத்துத்தானே கொடுத்தோம்.
நமக்கே தெரியாமல்.

போன் போட்டேன்.
பின்னால் தக்காளி மண்டியில் ஏலம்,
நூத்தி எண்பது, நூத்தி எண்பத்தஞ்சு.
மூன்று பேரையும் வயதோடு சொன்னேன்.
ஏலம் இருநூறுக்குப் போகும்வரை
தங்கை பேசவில்லை.

வலிக்குமா?
தண்ணி குடிக்கறதுதான் குமட்டும்.
செவ்வாய்க்கிழமை வரவா, லோடு கம்மி.
வா.

வைக்கப் போனவள் மறுபடி கூப்பிட்டாள்.
அந்தத் தாள்ல
எம் பையனையும் ஒரு கட்டம் போட்டு வைக்கா.