ஒற்றைப்படை எண்கள்

பிப்ரவரிப் போட்டி. ஆயிரத்து அறுநூற்றைம்பது கெஜம்.
அறுபத்தாறு நீளங்கள்.
உக்னே நீந்தினாள்.
நான் குளத்தின் மறுமுனையில் மண்டியிட்டு
எண்பலகையைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தேன்:
ஏழு. ஒன்பது. பதினொன்று.
அந்த முனையில் எல்லாமே ஒற்றைப்படைதான்.

அவள் வந்தது பால்டிக் கரையிலிருந்து.
முழு உதவித்தொகை: அறை, சாப்பாடு, படிப்பு,
பெயர் தைத்த நான்கு துவாலைகள்.
நான் வந்தது இருபது மைல் தள்ளி.
அணியில் இடமுண்டு, பணமில்லை.
காலை நாலரைக்கு நீச்சல்.
இரவு பத்துவரை உணவுக்கூடத்தில்
அவள் சாப்பிட்ட தட்டையும் சேர்த்துக் கழுவுவேன்.

அப்பா கணக்கில் கெட்டி.
'அயோவாவின் சோளம், அயோவாவின் வரி.
அந்தக் குளத்தின் ஓடு ஒவ்வொன்றிலும்
என் சட்டைப்பைச் சில்லறை இருக்கிறது.
யாரோ வந்து அதில் முங்கிக் குளிக்க
என் மகள் கடன் வாங்க வேண்டுமா?'
தானியக் கிடங்கு வாசலில் அவர் கேட்டபோது
ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.
நானும்தான்.

பயிற்சியாளர் ஹாலோரன் இந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்.
ஒருமுறை மட்டும் சொன்னார்:
'உனக்குப் பதினேழு நிமிடம் நாற்பது விநாடி.
அவளுக்குப் பதினாறு ஒன்பது.
நான் என்ன செய்யட்டும், டெலேனி?'

கடிகாரத்தோடு யார் மல்லுக்கு நிற்பது?
ஆனால் அந்தத் தொண்ணூற்றொரு விநாடிக்குள்
என்னென்னவோ கிடக்கின்றன.
எங்கள் ஊர்க் குளம் கோடையில் மட்டும் திறக்கும்.
பனிக்காலம் முழுக்க நான் நீந்தியது
நெடுஞ்சாலை விடுதியின் சின்னத் தொட்டியில்,
ஆறு கைவீச்சில் சுவர்.
அவளுக்கோ ஆறு வயதிலேயே
சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்;
அப்புறம் வெந்நீருக்குக் காசில்லையென்று
அந்தக் குளத்தையும் பூட்டிவிட்டார்களாம்.
யார் யாருக்குப் பிச்சை போடுகிறோம் என்பது
பாத்திரம் தேய்க்கும்போது குழம்பிப் போகும்.

ஜனவரியில் பல்கலைக்கழகக் குழுவுக்குக்
கடிதம் எழுதியிருந்தேன், இரண்டு பக்கம்.
வெளிநாட்டவருக்குப் பாதிக்கு மேல் தரக் கூடாது.
கையெழுத்தும் போட்டேன்.
அவள் பெயரைக் குறிப்பிடவில்லை என்பதில்
ஒரு பெருமை வேறு.

இருபத்தொன்பது. முப்பத்தொன்று.
நெடுந்தொலைவு நீந்துபவளுக்கு எண்ணிக்கை தப்பும்.
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே
அவள் நம்புவது என் பலகையை மட்டும்.
ஓர் எண்ணை மாற்றிக் காட்டினால் போதும்.
நினைத்தேன்.
நினைக்கவில்லை என்றால் பொய்.
முப்பத்து மூன்று.
சரியாகத்தான் காட்டினேன்,
நல்லவள் என்பதால் அல்ல,
கை பழகிவிட்டது.
கடைசியில் பலகையை ஆரஞ்சுக்குத் திருப்பித்
தொண்டை கிழியக் கத்தினேன்.
அவளுக்காகவா, என் மேலுள்ள எரிச்சலிலா,
தண்ணீருக்குள் அதெல்லாம் கேட்காது.

மார்ச்சில் ஓரிரவு என் கதவைத் தட்டினாள்.
உதவித்தொகையைப் புதுப்பிக்க விண்ணப்பம்.
'என் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடு.'
கட்டிலில் உட்கார்ந்து ஈரமுடியை முறுக்கிக்கொண்டே,
'கடிதம் எழுதினாயாமே?'
ஆமாம் என்றேன்.
'நானாயிருந்தாலும் எழுதியிருப்பேன்.
இன்னும் நீளமாக.'
சிரித்தாளா, தெரியவில்லை.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
விட்டுப்போன சொற்களைச் செருகினேன்.
'தயவுசெய்து' மூன்று இடத்தில் இருந்தது,
இரண்டை அடித்தேன்.
ஒரு வரியில் பேனா நின்றது:
'எங்கள் குளம் மீட்டர், உங்கள் குளம் கெஜம்.
இங்கே சுவர் சீக்கிரமே வந்துவிடுகிறாள்.
முதல் வருடம் அவள் மேல் நிறைய மோதினேன்.'

சுவர் 'அவள்' இல்லை. இலக்கணம் தப்பு.
அப்படியே விட்டேன்.

ஏப்ரலில் குழு கூடுகிறது.
அவள் விண்ணப்பமும் என் கடிதமும்
அநேகமாக ஒரே கோப்பில்.
இரண்டிலும் என் கை இருக்கும்.